பயிர்க் காப்பீடு கட்டலாமா? நெல்லைச் சீமை விவசாயிகள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பிசானத்துக்கு (வடகிழக்குப் பருவமழையை ஒட்டிய நெல் பருவம்) நாற்றுப் பாவ ஆரம்பித்ததில் இருந்து காப்பீட்டுக்குக் கடைசித் தேதி முடிகிற வரைக்கும் எங்கள் ஊர் டீக்கடையில் இதே பேச்சுதான். சேரன்மகாதேவிப் பக்கம் கன்னடியன் கால்வாய்ப் பாசனத்தில் எனக்கு இரண்டு ஏக்கர் நெல் வயல் இருக்கிறது. மானூர்ப் பக்கம் வீட்டுக்காரி வழியில் வந்த மூன்று ஏக்கர் மானாவாரி; அதில் உளுந்தும் மக்காச்சோளமும் மாற்றி மாற்றிப் போடுகிறோம். இரண்டுக்கும் பல வருடம் காப்பீடு கட்டியிருக்கிறேன். பணம் வந்த வருடமும் உண்டு, வராத வருடமும் உண்டு. அக்கம்பக்கத்துக்காரர்கள் என்னிடம் கேட்ட கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள். கட்டலாமா, வேண்டாமா?

மானாவாரி என்றால் கட்டாயம் கட்டுங்கள். குளத்துப் பாசனம் என்றாலும் அப்படியே. கால்வாயில் கடைமடை என்றால் பிசானத்துக்குக் கட்டுங்கள். மேல்மடையில் எப்போதும் தண்ணீர் பாய்கிற வயல், அதிலும் கார் (தென்மேற்குப் பருவமழையை ஒட்டிய நெல் பருவம்) சாகுபடி என்றால் யோசித்துக் கட்டலாம். கட்டாமல் விட்டாலும் பெரிய தப்பில்லை.

ஏன் இப்படிப் பிரித்துச் சொல்கிறேன் என்பதற்கு ஒரே காரணம்தான். இந்தக் காப்பீடு உங்கள் பெயரில் இருந்தாலும், அது பார்ப்பது உங்கள் வயலை இல்லை, உங்கள் ஊரை. ஊர் விளைச்சல் விழும்போது உங்கள் விளைச்சலும் சேர்ந்து விழுமா என்பதுதான் கேள்வி. விழும் என்றால் காப்பீடு உங்களுக்கு உதவும். உங்கள் வயலுக்கு வருகிற ஆபத்து ஊருக்கு வருகிற ஆபத்தில் இருந்து வேறு என்றால், கட்டியும் கைக்கு ஒன்றும் வராது.

அப்படியென்றால் என் வயல் மட்டும் அழிந்தால் பணம் வராதா?

பெரும்பாலும் வராது. இதைத் தெரியாமல் கட்டிவிட்டுத்தான் பலரும் பிறகு ஏமாந்துபோனதாக நினைக்கிறார்கள். பைக்குக்கும் ஆஸ்பத்திரிச் செலவுக்கும் எடுக்கிற இன்சூரன்ஸ் மாதிரி இது இல்லை. 2016-இல் வந்த பிரதம மந்திரி பயிர்க் காப்பீட்டுத் திட்டத்தில், நெல் மாதிரி முக்கியமான பயிருக்கு வருவாய் கிராமம் ஓர் அலகு. மற்றப் பயிர்களுக்குப் பல கிராமங்கள் சேர்ந்த பிர்கா என்று மாநில அரசின் அறிவிக்கையில் போட்டிருப்பார்கள். அந்த அலகின் சராசரி மகசூல் குறைந்தால், அங்கே காப்பீடு கட்டிய எல்லோருக்கும் ஒரே விகிதத்தில் பணம். குறையாவிட்டால் யாருக்கும் இல்லை.

இதில் நியாயமும் இருக்கிறது, அநியாயமும் இருக்கிறது. ஒரு கிராமத்தில் ஐந்நூறு துண்டு நிலம் இருந்தால் ஒவ்வொன்றையும் போய்ப் பார்த்து மதிப்புப் போட ஆளும் கிடையாது, அந்தச் செலவைப் பிரீமியம் தாங்கவும் செய்யாது. அதனால்தான் ஊரை ஒரே வயலாக எண்ணிக் கணக்குப் பார்க்கிறார்கள். ஆனால் மடைக்குப் பக்கத்தில் உள்ளவன் நன்றாக அறுத்துவிட்டு, கடைசியில் உள்ளவன் கருகிப்போனால், முதல் ஆளின் விளைச்சலே இரண்டாம் ஆளின் இழப்பீட்டைத் தின்றுவிடும். இதற்கு விதிவிலக்காகச் சில சேதங்களை வயல் வாரியாகப் பார்ப்பார்கள். அதைக் கீழே சொல்கிறேன்.

எவ்வளவு கட்ட வேண்டும்? மீதியை யார் கட்டுகிறார்கள்?

தானியம், பயறு, எண்ணெய் வித்து எல்லாவற்றுக்கும் காப்பீட்டுத் தொகையில் (முழுசாக அழிந்தால் கிடைக்கும் உச்சத் தொகை) காரீப் பருவத்துக்கு 2 சதவீதம், ராபி பருவத்துக்கு 1.5 சதவீதம். நம்ம கணக்கில் கார் நெல் முதலாவதில் வரும், பிசானம் இரண்டாவதில் வரும். காப்பீட்டுத் தொகை ஏக்கருக்கு 36,000 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் காருக்கு 720, பிசானத்துக்கு 540.

ஆனால் உண்மையான பிரீமியம் அதைவிட அதிகம். கம்பெனி 10 சதவீதம் கேட்கிறது என்றால் ஏக்கருக்கு 3,600 ஆகிறது. நீங்கள் 540 கொடுத்தால் மீதி 3,060-ஐ மத்திய அரசும் மாநில அரசும் பாதிப் பாதியாகப் போடுகின்றன. இந்தக் கணக்கில் ஆறில் ஐந்து பங்கை நமக்காக அரசே கட்டுகிறது. நான் வருடா வருடம் கட்டுவதற்குப் பாதிக் காரணம் இந்தக் கணக்குதான்.

இழப்பீட்டை எப்படிக் கணக்குப் போடுகிறார்கள்?

கணக்கு சுலபம்தான், யாரும் உட்கார்ந்து சொல்லித் தருவதில்லை. ஒரு கிராமத்தில் ஏழு வருட நெல் மகசூல் ஏக்கருக்கு 2,300, 2,400, 1,200, 2,500, 2,200, 2,600, 900 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இதில் நல்ல ஐந்து வருடத்தை மட்டும் எடுத்தால் சராசரி 2,400. மோசமான இரண்டு வருடமும் கணக்கில் சேராது என்பது நமக்குச் சாதகம்.

அடுத்து உத்தரவாத விகிதம். மாவட்டத்துக்கும் பயிருக்கும் தக்கபடி 70, 80, 90 சதவீதம் என்று மூன்று அளவில் ஒன்றை வைத்திருப்பார்கள். 80 என்றால் 2,400-இல் 80 சதவீதம், 1,920 கிலோ. இதுதான் உத்தரவாத மகசூல். இந்த வருடம் ஊர் சராசரி 1,440 கிலோவுக்கு வந்துவிட்டால் 480 கிலோ குறைவு. 1,920-இல் 480 என்பது 25 சதவீதம். 36,000-இல் 25 சதவீதம் 9,000. ஏக்கருக்கு அதுதான் கைக்கு வரும்.

இதே ஊருக்கு உத்தரவாத விகிதம் 70 என்று இருந்திருந்தால் 5,142 ரூபாய்தான். 90 என்றால் 12,000. ஒரே விளைச்சல், ஒரே சேதம், ஒரே பிரீமியம். இந்த ஒற்றை எண்ணால் கைக்கு வருவது இரண்டு மடங்குக்கு மேல் மாறுகிறது. ஆகவே கட்டுவதற்கு முன்னால் வேளாண்மை விரிவாக்க மையத்தில் கேட்க வேண்டியது இரண்டே எண். நம்ம கிராமத்துக்கு இந்தப் பயிருக்கு உத்தரவாத மகசூல் எவ்வளவு? விகிதம் எவ்வளவு? கேட்டால் சொல்வார்கள், சொல்லியாக வேண்டும்.

இன்னொன்றையும் கவனியுங்கள். ஊர் சராசரி 2,400-இல் இருந்து 1,950-க்கு இறங்கினால் நமக்கு நல்ல அடிதான். ஆனால் 1,920-க்கு மேலேயே நிற்பதால் ஒரு ரூபாய்கூட வராது.

ஊர் மகசூலை யார், எப்படி அளக்கிறார்கள்?

பயிர் அறுவடைப் பரிசோதனை என்று ஒன்று நடக்கும். ஒவ்வொரு விவசாயியும் ஒரு தடவையாவது கூட நின்று பார்க்க வேண்டும். கிராமம் அலகாக இருக்கும் முக்கியப் பயிருக்குக் குறைந்தது நான்கு இடத்தில் செய்வார்கள். எந்தச் சர்வே எண், அதில் எந்த மூலை என்பதைக் குலுக்கல் எண் வைத்து எடுப்பார்கள். நல்ல வயலாகப் பார்த்தோ மோசமான வயலாகப் பார்த்தோ எடுக்கக் கூடாது.

ஒரு மாசியில் பக்கத்து வயலில் இதைப் பார்த்தேன். காலை பத்து மணி இருக்கும். வரப்பு மூலையில் இருந்து காலடி எண்ணிக்கொண்டு உள்ளே போனார்கள். முளைக்குச்சி அடித்து, கயிற்றை இழுத்துக் கட்டினார்கள். பக்கத்துக்கு 5 மீட்டர். கயிறு தொய்ந்திருந்தது. கூட வந்த தம்பி, "அண்ணாச்சி, அந்த முனையக் கொஞ்சம் இழுத்துப் பிடிங்க" என்றான், பிடித்துக்கொண்டேன். கயிற்றுக்கு உள்ளே வேர் உள்ள தூரை மட்டும் அறுக்க வேண்டும். வெளியே வேர் இருந்து உள்ளே சாய்ந்த கதிரை ஒரு அம்மா அறுக்கப் போனபோது அலுவலர் தடுத்தார். பிறகு தார்ப்பாயில் போட்டு அடித்து, பதர் தூற்றி, தொங்கு தராசில் சாக்கோடு நிறுத்து, சாக்கின் எடையைக் கழித்தார்கள். போட்டோவும் இடக்குறியும் போனிலேயே பதிவாயின.

25 சதுர மீட்டரில் 10 கிலோ நெல் நின்றால் ஏக்கருக்கு 1,620 கிலோ என்று பெருகும். தராசில் அரைக் கிலோ கூடினாலோ குறைந்தாலோ ஏக்கருக்கு 81 கிலோ மாறிவிடும். நான்கு இடத்தையும் சேர்த்தால் 100 சதுர மீட்டர், இரண்டரை சென்ட்கூட முழுசாக இல்லை. ஊர் முழுவதற்கும் அந்த இரண்டரை சென்ட்தான் முடிவு சொல்கிறது. ஆகையால் அறுவடைப் பரிசோதனை என்று காதில் விழுந்தால் வேலையைப் போட்டுவிட்டுப் போய் நில்லுங்கள். கயிறு விறைப்பாக இருக்கிறதா, குலுக்கலில் வந்த சர்வே எண்ணில்தான் அறுக்கிறார்களா, எடை எவ்வளவு என்று சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள். சண்டை போட வேண்டியதில்லை. நாலு பேர் நின்று பார்த்தாலே வேலை ஒழுங்காக நடக்கும்.

2023 முதல் நெல்லுக்கும் கோதுமைக்கும் செயற்கைக்கோள் படங்களை வைத்து மகசூல் கணிக்கும் முறையையும் மத்திய அரசு சேர்த்திருக்கிறது. அந்தக் கணிப்புக்குக் குறைந்தது 30 சதவீத எடை கொடுக்க வேண்டும் என்பது விதி. இருந்தாலும் வயலில் விழுகிற கயிற்றுக்கு இன்னும் மதிப்புக் குறையவில்லை.

கார் நெல்லுக்குக் கட்ட வேண்டாம் என்கிறீர்களே, ஏன்?

வேண்டாம் என்று சொல்லவில்லை. மேல்மடைக்காரர்கள் யோசித்துக் கட்டலாம் என்கிறேன். கார் சாகுபடி மேற்கு மலையில் பெய்கிற தென்மேற்குப் பருவமழையை நம்பி நடக்கிறது. பாபநாசம் அணை 143 அடி, சேர்வலாறு 156 அடி, மணிமுத்தாறு 118 அடி. பேப்பரில் அணை நீர்மட்டத்தைப் பார்த்துத்தான் நாம் நாற்றுப் பாவுவதா வேண்டாமா என்றே முடிவு செய்கிறோம். தண்ணீர் இல்லாத வருடத்தில் காரே கிடையாது. தண்ணீர் திறந்துவிட்டால் கோடைமேலழகியான், நதியுண்ணி, கன்னடியன் கால்வாய்களின் தலைப்பில் உள்ள வயல்கள் காய்வது அபூர்வம். அறுவடையும் வடகிழக்குப் பருவமழைக்கு முன்னால் முடிந்துவிடும். அப்படிப்பட்ட ஊரில் சராசரி 80 சதவீதத்துக்குக் கீழே போகிற வருடம் குறைவு.

பிசானம் வேறு. ஐப்பசி, கார்த்திகை மழையில் நாற்று மூழ்கும். தை மாத மழையில் முற்றிய கதிர் சாயும். குலைநோய் வந்தால் ஊரோடு வரும். மழை தவறினால் கடைமடையும் குளத்துப் பாசனமும் ஒன்றாகவே காயும். இவை எல்லாம் ஊருக்கே வருகிற ஆபத்துகள். 540 ரூபாய்க்கு இதை விடக்கூடாது. ஒரு தடவை பூச்சி மருந்து அடிக்க ஆகிற செலவுதான்.

மானாவாரி உளுந்துக்கும் மக்காச்சோளத்துக்கும்?

கட்டாயம் கட்டுங்கள் என்று மறுபடியும் சொல்கிறேன். மானூர், நாங்குநேரி, ராதாபுரம் பக்கமெல்லாம் ஒரு மழை தவறினால் பொழிக்கு (நில எல்லைக்கு) இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிதான் காயும். ஊர் காயும்போது நானும் காய்கிறேன், ஆகவே காப்பீட்டுக் கணக்கும் என் நஷ்டமும் ஏறக்குறைய ஒத்துப்போகும்.

2016-இல் தமிழ்நாட்டில் வடகிழக்குப் பருவமழை வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரியில் எல்லா மாவட்டங்களையும் வறட்சி பாதித்தவை என்று மாநில அரசு அறிவித்தது. அந்தப் பயிர் வருடத்துக்குத் தமிழ்நாட்டு விவசாயிகளுக்கு 3,000 கோடி ரூபாய்க்கு மேல் காப்பீட்டு இழப்பீடு வந்தது. ஆடு மாட்டை விற்றுக்கொண்டிருந்த வீடுகளில் அது அடுத்த விதைப்புக்கு முதலாக நின்றது. அந்த வருடம் கட்டாமல் விட்டவர்களின் முகத்தை நான் பார்த்திருக்கிறேன்.

மக்காச்சோளத்துக்கு 2018-இல் இருந்து படைப்புழு வேறு சேர்ந்துகொண்டது. பூச்சி, நோயால் ஊர் மகசூல் குறைந்தாலும் காப்பீட்டில் அடங்கும். ஆனால் உங்கள் வயலில் மட்டும் புழு விழுந்தது என்று தனியாகக் கேட்க முடியாது.

வெள்ளத்தில் நெல் மூழ்கினால் என் வயலுக்குத் தனியாகப் பணம் உண்டா?

வயல் வாரியாகப் பார்க்கும் சேதங்களில் ஆலங்கட்டி மழை, நிலச்சரிவு, மேகவெடிப்பு, இடி விழுந்து தீப்பிடிப்பது, வெள்ளம் சூழ்வது ஆகியவை உண்டு. ஆனால் 2018-இல் நெல் பயிரை வெள்ளப் பிரிவில் இருந்து எடுத்துவிட்டார்கள், நெல் தண்ணீரில் நிற்கிற பயிர்தானே என்று. தண்ணீரில் நிற்பதும் தண்ணீருக்குள் மூழ்கிக் கிடப்பதும் ஒன்றா? 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியபோது தாமிரபரணி கரை மீறி ஓடியது. நட்ட பிசான வயல்களில் மணல் மூடிக் கிடந்தது. அப்போதும் தனி வயல் சேதமாகக் கேட்க வழியில்லை, ஊர் மகசூல் கணக்குக்குத்தான் காத்திருக்க வேண்டியிருந்தது.

அது இப்போது மாறுகிறது. 2025 நவம்பரில் மத்திய வேளாண் அமைச்சகம், நெல் மூழ்குவதை மறுபடியும் வயல் வாரிச் சேதத்தில் சேர்ப்பதாகவும், காட்டு விலங்குச் சேதத்தையும் சேர்ப்பதாகவும், இரண்டும் 2026 காரீப் பருவம் முதல் என்றும் அறிவித்தது. நமக்கு இது பெரிய விஷயம். ஆனால் எந்தக் கூடுதல் பாதுகாப்பு எந்த மாவட்டத்துக்கு என்பது மாநில அரசின் அறிவிக்கையில்தான் முடிவாகும். கட்டும் முன் அதைக் கேட்டுவிடுங்கள்.

காட்டுப் பன்றி தின்றால்?

களக்காடு, பாபநாசம், கடையம் மலையடிவாரத்துக்காரர்கள் இதைத்தான் முதலில் கேட்கிறார்கள். மேலே சொன்ன மாற்றத்தில் இதுவும் வருகிறது. எந்தெந்த விலங்கு, எந்தெந்த மாவட்டம் என்று மாநிலம் பட்டியல் போட வேண்டும். வனத்துறை கொடுக்கும் இழப்பீடு தனி. அதற்கு மனு கொடுப்பதை நிறுத்த வேண்டாம்.

அறுத்த நெல் மழையில் நனைந்தால்?

அறுத்து வயலிலேயே பரப்பி, அல்லது சின்னக் கட்டாகக் கட்டிக் காயப் போட்டிருந்தால், 14 நாள் வரை புயல், பருவம் தவறிய மழை, ஆலங்கட்டி மழைச் சேதத்துக்குக் கேட்கலாம். இப்போது நாம் எல்லோரும் மிஷினில்தானே அறுக்கிறோம். நெல் நேராக டிராக்டரில் விழுந்து களத்துக்கோ ரோட்டோரத்துக்கோ கொள்முதல் நிலையத்து வாசலுக்கோ போய்விடுகிறது. அங்கே குவிந்து கிடக்கிற நெல் நனைந்து முளைத்தால் இந்தக் காப்பீட்டில் இடமில்லை. நெல் அறுக்கும் முறை மாறி எத்தனையோ வருடம் ஆகியும் விதி இன்னும் அரிவாள் காலத்திலேயே நிற்கிறது. இதை மாற்றச் சொல்லிக் குறைதீர் கூட்டத்தில் நாம் எல்லோரும் கேட்க வேண்டும்.

சேதம் ஆனதும் முதலில் என்ன செய்ய வேண்டும்?

72 மணி நேரத்துக்குள் சொல்லிவிட வேண்டும். 14447 என்ற எண்ணுக்குப் போன் போடலாம், பயிர்க் காப்பீட்டுச் செயலியில் போட்டோவோடு பதியலாம், பாங்கிலோ வேளாண்மை அலுவலகத்திலோ எழுதிக் கொடுக்கலாம். மழை வெறிக்கட்டும், தண்ணீர் வடியட்டும் என்று இருந்தால் மூன்று நாள் ஓடிவிடும். போனில் சொன்னால் அவர்கள் கொடுக்கும் பதிவு எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். அது இல்லாமல் பிறகு பேச முடியாது. ஊர் மகசூல் குறைந்ததற்கான இழப்பீட்டுக்கு இப்படித் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை, அது தானாக வரவேண்டியது.

குளம் பெருகவே இல்லை, நடவே நடவில்லை. கட்டிய பணம்?

அலகில் முக்கால்வாசிப் பரப்புக்கு மேல் விதைக்க முடியாமல் போனால் காப்பீட்டுத் தொகையில் 25 சதவீதம் கொடுத்து அத்தோடு முடித்துவிடுவார்கள். நடவு நட்டபின் பாதியிலேயே ஊர் முழுதும் கெட்டு, மகசூல் உத்தரவாத அளவில் பாதிக்கும் கீழே போகும் என்று தெரிந்தால், வரக்கூடிய இழப்பீட்டில் 25 சதவீதம் வரை முன்பணமாகத் தரவும் வழி இருக்கிறது. இரண்டுக்கும் மாவட்ட நிர்வாகம் அறிவிக்க வேண்டும். அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய்க் கட்டினால் செல்லாது.

பயிர்க்கடன் வாங்கியிருக்கிறேன். பாங்கிலேயே பிடித்துவிடுவார்கள்தானே?

2020 காரீப்புக்கு முன்னால் வரை கடன் வாங்கியவர்களுக்குக் கட்டாயம். இப்போது உங்கள் விருப்பம். வேண்டாம் என்றால் கடைசித் தேதிக்கு ஏழு நாளாவது முன்னால் எழுதிக் கொடுக்க வேண்டும். எழுதிக் கொடுக்காவிட்டால் பிடிப்பார்கள்.

பிடித்துவிட்டார்கள் என்று நிம்மதியாக இருந்துவிடாதீர்கள். எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். ஒரு வருடம் மானூர்ப் பக்க நிலத்துக்கு உளுந்து என்று எழுதிக் கொடுத்தேன். பணமும் கணக்கில் கழிந்தது. ஊரில் எல்லோருக்கும் இழப்பீடு ஏறிவிட்டது, எனக்கு மட்டும் வரவில்லை. போய்க் கேட்டால், கம்ப்யூட்டரில் என் நிலம் வேறு கிராமத்தில் பதிவாகியிருக்கிறது. ஒத்த பெயருள்ள பக்கத்து ஊர். அந்த ஊரில் அந்த வருடம் இழப்பீடே இல்லை. நாலு மாதம் அலைந்தேன், அடங்கல் (எந்த நிலத்தில் என்ன பயிர் என்று காட்டும் கிராமக் கணக்கு), பாஸ்புக், நான் கொடுத்த மனுவின் நகல் எல்லாவற்றையும் தூக்கிக்கொண்டு. பதிவு செய்தவர்களின் தவறால் விவசாயிக்கு நஷ்டம் வந்தால் பதிவு செய்த நிறுவனமே பொறுப்பு என்று திட்ட விதியிலேயே இருக்கிறது. அந்த வரியை அச்செடுத்துக் கையில் வைத்துக்கொண்டு பேசிய பிறகுதான் வழி பிறந்தது.

அதனால் ரசீதை வாங்கியதும், கௌண்டரை விட்டு நகரும் முன்னால், கிராமத்தின் பெயர், சர்வே எண், உட்பிரிவு, பயிர், ஏக்கர் ஐந்தையும் விரல் வைத்துப் படியுங்கள். நெல்லை மாவட்டத்தில் இருந்து 2019 நவம்பரில் தென்காசி பிரிந்தது. அம்பாசமுத்திரத்தில் குடியிருந்துகொண்டு கடையத்தில் நிலம் வைத்திருப்பவர்கள் மாவட்டத்தின் பெயரையும் பாருங்கள். கம்பெனியும் கடைசித் தேதியும் மாவட்டத்துக்கு மாவட்டம் மாறலாம்.

பாட்டத்துக்கு (குத்தகைக்கு), வாரத்துக்கு (விளைச்சலில் பங்குக்கு) உழுகிறவர்கள் கட்டலாமா?

கட்டலாம், திட்டத்தில் அனுமதி உண்டு. நடைமுறையில் நிலத்துக்காரர் பத்திரம் எழுதித் தரத் தயங்குவார், கிராம நிர்வாக அலுவலர் (விஏஓ) அடங்கல் யார் பெயரில் தருவது என்று யோசிப்பார். பயிர் யாருடையதோ அவர் பெயரில் சாகுபடிச் சான்று வாங்குவதுதான் முறை. நிலத்துக்காரர் தன் பெயரில் கட்டிக்கொண்டு இழப்பீட்டையும் தானே வைத்துக்கொள்வது பல ஊரில் நடக்கிறது. வெயிலில் நின்று தொளி மிதித்தவனுக்குச் சேர வேண்டிய பணம் அது. நிலம் உள்ளவர்கள் தயவுசெய்து அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். அதனால் உங்கள் நிலம் எங்கும் போய்விடாது.

அரசு வெள்ள நிவாரணம் தருகிறதே, அது போதாதா?

பேரிடர் நிதியில் இருந்து, 33 சதவீதமோ அதற்கு மேலோ சேதம் இருந்தால், பாசன நிலத்துக்கு ஹெக்டேருக்கு 17,000 ரூபாய், மானாவாரிக்கு 8,500 ரூபாய் என்பது 2022-26 காலத்துக்கு மத்திய அரசு வகுத்த அளவு, அதுவும் 2 ஹெக்டேர் வரைக்கும். ஏக்கருக்குக் கணக்குப் பார்த்தால் ஏழாயிரத்துக்கும் கீழே. மாநில அரசு சில நேரம் கூட்டித் தரும். அது கைதூக்கி விடுவதற்கு, முதலைத் திருப்புவதற்கு இல்லை. நிவாரணம் வாங்கியதால் காப்பீட்டு இழப்பீடு நின்றுவிடாது, இரண்டும் தனித்தனி.

விலை விழுந்தால்?

இல்லை. விளைச்சல் குறைவுக்கு மட்டும்தான்.

பத்து வருடமாகக் கட்டுகிறேன், ஒரு பைசா வரவில்லை. இது வீண் செலவு இல்லையா?

இந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டு விதமாக வராமல் இருக்கும், அதைப் பிரித்துப் பார்க்க வேண்டும். பத்து வருடமும் ஊர் நன்றாக விளைந்ததால் வரவில்லை என்றால், கடவுள் புண்ணியம், விளைச்சல் களத்துக்கு வந்துவிட்டது. ஏக்கருக்கு 540 வீதம் பத்து வருடத்துக்கு 5,400. நாம் மேலே போட்ட கணக்கில் ஒரே ஒரு மோசமான வருடம் 9,000 கொடுக்கிறது.

ஊர் கெட்டும் வரவில்லை என்றால் அது வேறு. அப்போது அறுவடைப் பரிசோதனை எந்தச் சர்வே எண்களில் நடந்தது, எடை என்ன, அறிவித்த சராசரி என்ன என்று தகவல் உரிமைச் சட்டத்தில் எழுதிக் கேளுங்கள். இன்னொரு காரணமும் இருக்கலாம். கிராமத்தில் உண்மையில் நட்ட பரப்பைவிடக் காப்பீடு கட்டிய பரப்பு கூடுதலாக இருந்தால், எல்லோருடைய இழப்பீட்டையும் அந்த விகிதத்தில் குறைத்துவிடுவார்கள். நடாத நிலத்துக்கு ஒருவர் கட்டினால் நட்டவன் தலையில்தான் விடியும். ஊர்க் கூட்டத்தில் இதைச் சொல்லிவையுங்கள்.

காப்பீட்டை நம்பிக் கையிருப்பை விடவும் கூடாது. பணம் வருவதற்கு அறுவடை முடிந்து மாதக்கணக்கில் ஆகும். அடுத்த விதைப்புக்கு அது எட்டாமல் போவதும் உண்டு. கெடு தாண்டித் தாமதித்தால் 12 சதவீத வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்று விதி இருக்கிறது, கேட்டு வாங்குங்கள்.

எங்கே, என்ன கொண்டுபோய்க் கட்டுவது?

கூட்டுறவுச் சங்கம், பாங்கு, பொதுச் சேவை மையம் எங்கேயும் கட்டலாம். விஏஓ கையெழுத்துப் போட்ட அடங்கல் அல்லது விதைப்புச் சான்று, சிட்டா, ஆதார், பாஸ்புக்கின் முதல் பக்கம் போதும். ஆதாரில் உள்ள பெயரும் பாங்கில் உள்ள பெயரும் ஒரே மாதிரி இருக்க வேண்டும். அப்பா பெயரின் முதலெழுத்து ஒன்றில் முன்னால், மற்றதில் பின்னால் என்று இருந்ததால் எங்கள் தெருவில் ஒரு ஆச்சிக்கு வந்த பணம் திரும்பிப் போய்விட்டது.

கடைசித் தேதிக்காகக் காத்திருக்க வேண்டாம். கடைசி இரண்டு நாளில் சேவை மையத்தில் கூட்டம் தாங்காது, சர்வர் வேலை செய்யாது. நட்டு முடித்த அந்த வாரமே போய்விடுங்கள். பிசானத்துக்குக் கட்டியதோடு அதன் பின்னால் போடுகிற உளுந்துக்கும் சேர்ந்துவிடும் என்று நினைக்காதீர்கள், அதற்குத் தனியாகக் கட்ட வேண்டும். அதற்கும் முன்னால், உங்கள் கிராமமும் அந்தப் பயிரும் இந்த வருட அறிவிக்கையில் இருக்கிறதா என்று உதவி வேளாண்மை அலுவலரிடம் ஒரு போன் போட்டுக் கேட்டுக்கொள்ளுங்கள்.